எட்டாத நீர்த்தாரை

அபாயகரமான நஞ்சையும் கிருமியையும் கழுவப் புறப்படும் நடமாடும் தெளிப்பு யந்திரம் எவ்வாறு அமைய வேண்டும்? அதன் பின்னால் நிற்பவருக்கும், அதிலிருந்து வழிந்தோடும் நீருக்கும் யார் பொறுப்பு?

1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி இரவு கழிந்து மூன்றாம் தேதி பிறந்து சிறிது நேரமே ஆகியிருந்த வேளையில், போபால் நகரத்து யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் எண் தொட்டியிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்னும் கொடிய விஷவாயு சீறிக்கொண்டு வெளிப்பட்டபோது, ஆலைத் தொழிலாளர்களால் செய்யக்கூடியதாக எஞ்சியிருந்த காரியங்களுள் ஒன்று, தீயணைப்புக் குழாய்களை மேல்நோக்கித் திருப்பி அந்த வாயுவின் மீது நீரைப் பீய்ச்சுவது. அது நீரோடு சேர்ந்தால் சிதைந்து வேறு பொருளாக மாறும் தன்மையுடையது. ஆகவே அந்த யோசனையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் வாயு வெளியேறிய குழாயின் வாய் தரையிலிருந்து ஏறக்குறைய 33 மீட்டர் உயரத்தில் இருக்க, நீர்த்தாரையோ சுமார் 15 மீட்டர் வரையில் எழும்பி, அதற்கு மேல் செல்லமாட்டாமல் வளைந்து, ஆலையின் முற்றத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. எட்டாத உயரத்தில் விஷம் காற்றோடு கலந்து, உறங்கிக்கொண்டிருந்த ஏழை ஜனங்களின் குடியிருப்புகளை நோக்கி நகர்ந்தது.

நீர் இருந்தது, அழுத்தம் கொடுக்கும் பம்ப் இருந்தது, தம் உயிரைப் பொருட்படுத்தாமல் குழாயைப் பிடித்து நின்ற மனிதர்களும் இருந்தார்கள். எந்த உயரத்தில், எந்தப் பொருளை, எந்த அளவில் அந்த நீர் சந்திக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணி அமைத்த சாதனம் ஒன்றுதான் இல்லை. ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன அந்த இரவில் தவறிப்போன காரியங்கள் பல. அவற்றுள் நீர்த்தாரையின் கதை சிறியதே ஆயினும், தெளிப்பு யந்திரங்களை வடிவமைப்போரும் வாங்குவோரும் இயக்குவோரும் முதற்பாடமாகப் பயில வேண்டிய கதை அதுவே.

பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் தெளிப்பு யந்திரம் நமக்கு அந்நியப் பொருளாக இல்லை. வயலில் மருந்தடிக்கும் கைத்தெளிப்பானும் விசைத்தெளிப்பானும் நகரத்துத் தெருக்களுக்கு வந்தன. தீயணைப்பு வண்டிகளில் கிருமிநாசினி நிரப்பப்பட்டது. டிரோன்கள் வானிலிருந்து தெளித்தன. இன்று ஊராட்சி முதல் மாநகராட்சி வரையில் எங்கேனும் ஒரு மூலையில் அத்தகைய யந்திரம் ஒன்று நிற்கிறது. அடுத்த அபாயம் வரும் நாளில் அது உதவுமா, அல்லது உபத்திரவமாக முடியுமா என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

கழுவுதல் என்னும் காரியம்

அபாயகரமான பொருளை அகற்றுவது என்பதில் மூன்று வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. கிருமியைக் கொல்வது ஒன்று. ரசாயன நஞ்சைச் சிதைத்துத் தீங்கற்றதாக்குவது மற்றொன்று. கொல்லவும் முடியாத, சிதைக்கவும் முடியாத கதிரியக்கத் தூசை இடம் பெயர்த்து ஓரிடத்தில் சேர்ப்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் திரவம் தானே வேலையை முடித்துவிடக்கூடும். மூன்றாவதிலோ திரவம் வெறும் வாகனமே அன்றி வேறல்ல. அது எங்கே போகிறதோ அங்கே கதிரியக்கமும் உடன் போகிறது. ஒரே யந்திரம் இம்மூன்றையும் செய்ய வேண்டுமானால், அதன் உறுப்புகள் வேலைக்குத் தக்கபடி மாறக்கூடியனவாக இருக்க வேண்டும். மாடுலர் என்று பொறியியலாளர் கூறும் அலகுமுறை அமைப்பின் நியாயம் இதில்தான் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: கரைசலின் கணக்கு

● சோடியம் ஹைப்போகுளோரைட்: கொரோனா காலத்தில் பொதுவான பரப்புகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 0.1 சதவீதம், இரத்தமும் உடற்கழிவும் சிந்திய இடங்களுக்கு 0.5 சதவீதம்.

● கலக்கும் முறை: 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு சேர்த்தால் 0.5 சதவீதம் கிடைக்கும்.

● அழுக்கு இருந்தால்: மண்ணும் சளியும் இரத்தமும் குளோரினைத் தின்றுவிடும். முதலில் துடைத்துச் சுத்தம் செய்யாமல் மருந்தடிப்பது வீண்.

● வெயில் பட்டால்: வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கரைசல் விரைவாக வீரியம் இழக்கும்.

● சேரக்கூடாதவை: அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயுவும், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் வாயுவும் பிறக்கும். இரண்டும் நுரையீரலைத் தாக்குவன.

பிரித்தால் பல, சேர்த்தால் ஒன்று

சோவியத் நாட்டு ராணுவத்தில் புழங்கிய ஏ.ஆர்.எஸ்.-14 என்ற தெளிப்பு வண்டி, ஜில்-131 ரக லாரியின் மேல் சுமார் 2,500 லிட்டர் தொட்டியையும் பம்பையும் நிரந்தரமாகப் பொருத்திய ஒரே உடல். அமெரிக்க ராணுவம் நெடுங்காலம் உபயோகித்த எம்-12 ஏ-1 என்ற சாதனமோ வேறு தத்துவத்தில் பிறந்தது: பம்ப் ஒரு சட்டத்தில், சுமார் 1,900 லிட்டர் கொள்ளும் தொட்டி மற்றொரு சட்டத்தில், நீரைச் சூடாக்கும் அடுப்பு தனியே. எந்த லாரியிலும் ஏற்றலாம். தரையில் இறக்கி வைத்தும் இயக்கலாம். தீயணைக்கவும், பனிக்கட்டியை உருக்கவும், வீரர்களைக் குளிப்பாட்டவும் அதே பம்ப் உதவும். பின்னர் வந்த எம்-17 இன்னும் இலகுவானது. அதன் தொட்டி மடித்து எடுத்துச் செல்லக்கூடிய, ஏறக்குறைய 6,000 லிட்டர் கொள்ளும் ரப்பர் பூசிய துணி.

இவ்விரண்டு தத்துவங்களுக்கும் உள்ள வேற்றுமை ஆபத்துக் காலத்தில் வெளிப்படுகிறது. ஒரே உடலான வண்டியில் என்ஜின் நின்றால் தொட்டியும் நின்றுவிடும். ஒரு ஹோஸ் நஞ்சேறினால் வண்டி முழுவதும் சந்தேகத்துக்குரியதாகும். அலகுகளாகப் பிரிந்த யந்திரத்திலோ கெட்ட உறுப்பை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு வேலையைத் தொடரலாம். செர்னோபில் விபத்துக்குப் பின் கதிரியக்கம் ஏறிய லாரிகளும் ஹெலிகாப்டர்களும் ரஸ்ஸோகா என்ற இடத்தில் திரள் திரளாக நிறுத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்தன. கழுவ வந்த யந்திரத்தைக் கழுவ முடியாமற் போனால் அதுவும் கழிவுதான் என்பதற்கு அந்த மைதானம் பிரத்தியட்சச் சான்று.

நல்ல அலகுமுறை யந்திரம் ஒன்றின் உறுப்புகளைச் சற்று அருகே சென்று பார்ப்போம். முதலாவது, தொட்டி. ஹைப்போகுளோரைட் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகிலும் நாளடைவில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். ஆகவே தடித்த பாலிஎத்திலீன் தொட்டியே உகந்தது. அதன் உள்ளே தடுப்புத் தட்டிகள் அவசியம். நிறைகுடம் தளும்பாது என்று நம்மவர் சொன்னது தொட்டி லாரிக்கும் பொருந்தும். பாதி நிறைந்த தொட்டியில் நீர் ஒருபுறமாகச் சரிந்தோடும் வேகம், வளைவில் வண்டியையே கவிழ்க்க வல்லது.

இரண்டாவது, மருந்து அலகு. செறிந்த மருந்தைத் தொட்டி நீரில் முன்கூட்டியே கலந்து வைத்தால், நம் நாட்டுச் சித்திரை வெயிலில் அது சம்பவ ஸ்தலத்தை அடைவதற்குள் வீரியம் குறையக்கூடும்; ஆகவே நீர் தனியாகவும் மருந்து தனியாகவும் பயணம் செய்து, ஹோஸுக்குள் நுழையும் கணத்தில் மட்டும் அளவாகக் கலப்பதே முறை. அமில அலகும் குளோரின் அலகும் ஒரே வாயில் பொருந்தாதபடி அவற்றின் இணைப்புகளை வேறு வேறு அளவில் அமைத்துவிட்டால், களைத்துப்போன மனிதன் இருட்டில் தவறு செய்ய முயன்றாலும் யந்திரமே அதை மறுத்துவிடும். எச்சரிக்கைப் பலகையைவிடப் பொருந்தாத கப்ளிங் ஆயிரம் மடங்கு நம்பத் தகுந்தது.

மூன்றாவது, கை படும் இடங்கள். பாதுகாப்பு உடை அணிந்தவர் உட்கையுறையின் மேல் தடித்த ரப்பர் கையுறை மாட்டியிருக்கிறார். விரல் நுனிக்கு உணர்ச்சி இல்லை. முகக்கண்ணாடியின் உட்புறம் வியர்வை ஆவி படர்ந்திருக்கிறது. அவரிடம் ஒரு சிறு திருகாணியைக் கழற்றச் சொல்வது கொடுமை. கப்ளிங்கின் நெம்பு உள்ளங்கை முழுவதும் பிடிக்கும் அளவில் இருக்க வேண்டும். அது பூட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் அறியும்படி இருக்க வேண்டும். தவறிக் கீழே விழுந்து தொலையக்கூடிய உதிரி உறுப்பு ஒன்றுகூட இருத்தல் ஆகாது. ஒவ்வோர் அலகும், தொட்டி நீங்கலாக, இருவர் கைப்பிடியைப் பற்றித் தூக்கக்கூடிய எடைக்குள் அடங்க வேண்டும். வரைபட மேஜையில் அழகாகத் தோன்றும் யந்திரங்களுள் பெரும்பாலானவை இந்தப் பரீட்சையில்தான் தோற்கின்றன.

துளியின் அளவு

பார்ப்பவர் கண்ணுக்கு, மேகம் போல் பொங்கி எழும் தெளிப்பே சக்தி வாய்ந்த தெளிப்பாகத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. நூறு மைக்ரான் விட்டமுள்ள துளி ஆள் உயரத்திலிருந்து தரையை அடைய ஐந்தாறு விநாடி போதும். பத்து மைக்ரான் துளியோ பல நிமிஷங்கள் காற்றில் மிதந்து, மூச்சோடு உடலுக்குள் செல்ல வல்லது. மிக நுண்ணிய பனிமூட்டம் பரப்பை நனைப்பதைவிடத் தெளிப்பவரின் மார்பை நனைப்பதே அதிகம்.

அதற்காக அழுத்தத்தை ஏற்றிப் பருந்தாரையாக அடிக்கலாமா என்றால், அதிலும் இடர் உண்டு. உயர் அழுத்தத் தாரை அழுக்கைப் பெயர்ப்பதோடு நில்லாமல், சிமெண்டின் நுண்துளைகளுக்குள் அதை ஆழத் திணிக்கவும், சுற்றிலும் சிதறடிக்கவும் செய்கிறது. நிமிஷத்துக்கு 20 லிட்டர் நீரை 100 பார் அழுத்தத்தில் பீய்ச்சும் குழாய், கணக்குப்படி, பிடித்திருப்பவரைச் சுமார் ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசையோடு இடைவிடாமல் பின்னுக்குத் தள்ளுகிறது. ஏணியின் மேல் நிற்பவருக்கு அந்த உதைப்பு உயிராபத்து.

ஆகவே தெளிப்பு முனை என்பது யந்திரத்தின் கடைசியில் மாட்டும் அற்ப உறுப்பு அன்று. எந்தப் பரப்பு, எந்த நஞ்சு, எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்ற மூன்றையும் எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டிய உறுப்பு. செங்குத்தான சுவரில் நீர் வழிந்துவிடும். நுரை ஒட்டிக்கொண்டு நிற்கும். மருந்து வேலை செய்ய வேண்டிய பத்து நிமிஷத்தை அந்த நுரையே வாங்கித் தருகிறது. கதிரியக்கத் தூசுக்கோ, தெளித்தபின் உலர்ந்து தோலாகி, தூசையும் பற்றிக்கொண்டு உரிந்து வரும் பாலிமர் பூச்சுகள் உண்டு. குழாயின் நுனியை மட்டும் மாற்றி இத்தனை காரியங்களையும் ஒரே பம்பால் செய்விப்பதே வடிவமைப்பாளரின் சாமர்த்தியம்.

உடைக்குள் இருக்கும் உடல்

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய எல்வா-3 சிகிச்சை நிலையத்தில், நோயாளிகளின் கூடாரத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மருத்துவரும் தாதியும் கடக்க வேண்டிய வாயில் ஒன்று இருந்தது. அங்கே தெளிப்பவர் ஒருவர் நிற்பார். வெளியே வருபவர் கைகளை விரித்து நிற்க, அவர் 0.5 சதவீதக் குளோரின் கரைசலை உடையின் மேல் நிதானமாகத் தெளிப்பார். பின்னர் ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றுவதற்கு உத்தரவு கொடுப்பார். ஒன்றைக் கழற்றியதும் கையைக் கழுவச் சொல்வார். உள்ளே ஒரு மணி நேரம் உழைத்துக் களைத்து, வியர்வையில் ஊறி, சீக்கிரம் உடையைக் கிழித்தெறிய வேண்டும் என்று தவிக்கும் மனிதனுக்கும் மரணத்துக்கும் நடுவே நின்றது அந்தத் தெளிப்பவரின் நிதானம்தான். ஏறக்குறைய 28,600 பேரைப் பற்றி 11,300 பேருக்கு மேல் உயிர் பறித்த அந்த நோயின் வரலாற்றில் தெளிப்பவர்களின் பெயர்கள் அரிதாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

அவர்கள் தோளில் மாட்டியிருந்தது, நம் பருத்திக் காட்டிலும் நெல் வயலிலும் காண்பதற்கு ஒப்பான கைத்தெளிப்பான். பதினாறு லிட்டர் கொள்ளும் அத்தகைய தெளிப்பான் நிறைந்தால், தொட்டியின் எடையும் சேர்ந்து இருபது கிலோ அளவுக்கு வரும். காற்றுப் புகாத உடைக்குள் வியர்வை உலர வழியில்லை; உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் தவிக்கும்போது முதுகில் இருபது கிலோவை ஏற்றுவது வெப்ப மயக்கத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். சுமையைச் சக்கரத்தின் மேல் ஏற்றி, மெல்லிய ஹோஸை மட்டும் கையில் கொடுப்பது சௌகரியத்துக்காகச் செய்யும் ஆடம்பரம் அன்று. உயிர் காக்கும் ஏற்பாடு.

தெளிப்பானின் ஒழுகும் மூடியும், முதுகில் வழியும் மருந்தும் எவ்வளவு கொடியவை என்பதை நம் நாடு அறியாததல்ல. 2017-இல் மகாராஷ்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த விவசாயிகளும் கூலிக்காரர்களும் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இருபது பேர் அளவில் மாண்டுபோனார்கள். அவர்கள் யுத்த களத்தில் நிற்கவில்லை. அன்றாடக் கூலிக்கு அன்றாட வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அன்றாட வேலையிலேயே தெளிப்பவரைக் காக்கத் தவறிய நாம், அசாதாரணமான அபாயத்தின்போது மட்டும் காத்துவிடுவோம் என்று எதைக்கொண்டு நம்புவது?

பெட்டிச் செய்தி: நான்கு இடங்கள், நான்கு பாடங்கள்

● குருயினார்டு தீவு, ஸ்காட்லாந்து: இரண்டாம் உலகப் போரில் ஆந்திராக்ஸ் குண்டு சோதனை நடந்த இடம். 1986-இல் பார்மால்டிஹைடைக் கடல்நீரில் 5 சதவீதமாகக் கலந்து, நஞ்சேறிய நிலத்தில் சதுர மீட்டருக்கு 50 லிட்டர் வீதம் துளைக்குழாய்கள் வழியே பாய்ச்சினார்கள். 1990-இல் தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டது. பாடம்: மேலே தெளித்தால் போதாது; மருந்து ஆழத்துக்கு இறங்க வேண்டும்.

● கோயானியா, பிரேசில், 1987: கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து சீசியம்-137 வெளிப்பட்டது. 4 பேர் இறந்தனர். 249 பேரிடம் கதிரியக்க மாசு காணப்பட்டது. நீரில் எளிதில் கரையும் உப்பு ஆகையால் ஈரத்தோடு பரவியது. பாடம்: சில நஞ்சுகளை முதலில் உலர்ந்த நிலையிலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

● அலாஸ்கா, 1989: எக்ஸான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய் படிந்த கரைகளைச் சூடான நீரால் உயர் அழுத்தத்தில் கழுவினார்கள். எண்ணெயோடு கரையோரச் சிற்றுயிர்களும் அழிந்தன. பாடம்: சுத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

● டோக்கியோ, 1995: சுரங்க ரயிலில் சாரின் வாயுத் தாக்குதல். நோயாளிகளின் உடையைக் களைந்து கழுவாமல் உள்ளே சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி ஒன்றில், விசாரிக்கப்பட்ட ஊழியருள் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நஞ்சின் அறிகுறிகள் தோன்றின. பாடம்: கழுவும் சாதனம் ஆஸ்பத்திரி வாசலில் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கழுவிய நீர் எங்கே போகிறது?

தெளிப்பு யந்திரத்தைப் பற்றிய உரையாடல்களில் யாரும் விரும்பிக் கேளாத கேள்வி இது. 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின், சாலைகளையும் கட்டடங்களையும் வண்டிகளையும் சோவியத் ராணுவத்தினர் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். மிக்-15 ரக யுத்த விமானங்களில் இருந்த வி.கே.-1 ஜெட் என்ஜினை யூரல் லாரியின் மேல் ஏற்றி, அதன் சூடான காற்றோடு நீரைக் கலந்து வண்டிகளின் மேல் பாய்ச்சும் டி.எம்.எஸ்.-65 என்ற வினோத யந்திரமும் அதற்கென்று இருந்தது. தூசு பறக்காமல் இருக்க ஒட்டும் திரவங்களை ஹெலிகாப்டர்களிலிருந்து பொழிந்தார்கள். ஆயினும் இன்று கழுவிய சாலையை நாளைய காற்று மறுபடியும் அசுத்தமாக்கியது. வண்டிகள் கழுவப்பட்ட நிலையங்களின் மண்ணே புதிய கதிரியக்கக் களமாகியது.

கால் நூற்றாண்டுக்குப் பின் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் அதே சோதனை வேறு வடிவில் வந்தது. வீடு வீடாகக் கூரையைத் துடைத்தார்கள், சுவரைக் கழுவினார்கள், தோட்டத்து மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். சீசியம் களிமண்ணோடும் சிமெண்டோடும் இறுகப் பிணைந்துகொள்ளும் இயல்புடையதாகையால், சில பரப்புகளில் எவ்வளவு பீய்ச்சினாலும் அது அசையவில்லை. கழுவிய நீரைச் சேகரிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தொழிலாளர்கள் அதையும் இலைதழைகளையும் அருகிலுள்ள ஓடைகளில் தள்ளிவிடுகிறார்கள் என்ற செய்தி 2013 ஜனவரியில் ஜப்பானியப் பத்திரிகையில் வெளிவந்து, அரசாங்கமே விசாரணை நடத்த நேர்ந்தது. இன்று அந்த மாவட்டத்து இடைக்காலக் கிடங்கில் சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர் மண்ணும் கழிவும் சேர்ந்திருக்கின்றன. 2045-க்குள் அதை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுசென்று நிரந்தரமாக அப்புறப்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

நீரை ஓடையில் தள்ளிய தொழிலாளியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தெளிக்கும் குழாயை அவர் கையில் கொடுத்தவர்கள், நீரைத் திரும்ப எடுக்கும் குழாயையும் அதே கையில் கொடுத்திருக்க வேண்டும். தெளிப்பு முனையைச் சுற்றி ஒரு மூடியும், அதனுள்ளேயே உறிஞ்சும் வாயும் அமைத்து, பீய்ச்சிய நீரை அந்தக் கணமே இழுத்துக்கொள்ளும் சாதனங்கள் உண்டு. அந்த மீட்பு அலகு விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று விலைப்பட்டியலின் கடைசியில் கிடக்கும் வரையில், பணம் குறைந்த இடத்திலெல்லாம் முதலில் வெட்டப்படுவது அதுவாகவே இருக்கும். மீட்புத் தொட்டி நிறைந்தால் தெளிக்கும் பம்ப் தானாகவே நின்றுவிட வேண்டும். அந்த ஒரு பிணைப்பு இருந்துவிட்டால், நூறு சுற்றறிக்கைகள் செய்யாத காரியத்தை யந்திரமே செய்துவிடும்.

மனிதர் மேல் அடிக்கலாகாது

2020 மார்ச் இறுதியில், ஊரடங்கினால் வேலை இழந்து சொந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, உத்தரப் பிரதேசத்துப் பரேலி நகரில் தெருவில் அமரச் செய்து, அவர்கள் மேல் கிருமிநாசினியைப் பீய்ச்சிய காட்சியை நாடே பார்த்தது. வாகனங்களுக்கென்று கொடுத்த குழாய் மனிதர்கள் மேல் திரும்பியது. சில நாட்களில் ஊர்தோறும் கிருமிநாசினிச் சுரங்கங்கள் முளைத்தன. நம் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் அமைந்தது அவற்றுள் முன்னோடி. நல்லெண்ணத்தோடு பிறந்த ஏற்பாடே; ஆனால் உடலுக்குள் இருக்கும் வைரஸைத் தோலின் மேல் தெளிக்கும் மருந்து தொடாது; கண்ணையும் தோலையும் மூச்சையும் அது துன்புறுத்தும். தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையே அச்சுரங்கங்கள் வேண்டாம் என்று கூறியது. ஏப்ரல் 18-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர் மேல் தெளிப்பதற்கு எதிராக அறிவுரை வெளியிட்டது. மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், மனிதர் மேல் எந்தச் சூழ்நிலையிலும் தெளிக்க வேண்டாம் என்றும், தெருக்களில் தெளிப்பதாலும் பயனில்லை என்றும் எடுத்துரைத்தது. நவம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய தெளிப்பைத் தடை செய்ய உத்தரவிடுமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

நஞ்சு பட்ட மனிதரைக் கழுவ வேண்டிய சந்தர்ப்பம் இல்லாமல் இல்லை. ரசாயன விபத்தில் அது உயிர் காக்கும் அவசரம். உடையைக் களைந்த மாத்திரத்தில் பெரும்பகுதி நஞ்சு நீங்கிவிடும். எஞ்சியதற்கு மிதமான அழுத்தத்தில் ஏராளமான வெறும் நீரும் சோப்பும் போதும். மறைவும் மாற்றுடையும் மானமும் அதே அளவு அவசியம். ஆகவே மனிதரைக் குளிப்பாட்டும் அலகு அதே பம்பில் இயங்கலாமே அன்றி, மருந்து அலகின் ஹோஸ் அதோடு எந்த விதத்திலும் பொருந்தக்கூடாது. பரேலியில் நடந்ததைத் தடுக்க நல்லொழுக்கப் போதனை வேண்டியதுதான். அதனினும் உறுதியானது, அந்தத் தவறைச் செய்யவே இயலாதபடி அமைந்த யந்திரம்.

எண்ணூரில் கண்டது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவி, வீடுகளின் சுவரிலும் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திச் செடிகளின் வேர்களிலும் கறுப்பாகப் படிந்தபோது, அதை முதலில் அள்ளியவர்கள் அப்பகுதி மீனவர்களே. அள்ளிய சாதனங்கள் வாளியும் குவளையும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோதும் வாளிகளே வரிசையாக நின்றன. இடையே கழிந்த ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில், ரசாயன ஆலைகளும் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் நெருங்கிக் கிடக்கும் அந்தக் கரையில், ஒரு சிறு லாரியில் ஏறி வரக்கூடிய கழுவும் சாதனமும், கழுவிய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் மடிப்புத் தொட்டியும், பணி செய்வோருக்குப் போதிய கையுறையும் ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தால் அந்த ஜனங்களின் துயரம் எவ்வளவோ குறைந்திருக்கும்.

அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் அணி இருக்கிறது. ரசாயன, உயிரியல், கதிரியக்க அபாயங்களைச் சந்திக்கும் பயிற்சியும் அப்படைக்கு உண்டு. ஆனால் எந்த அணியும் வந்து சேரும் வரையில் கழியும் முதற் சில மணி நேரம், உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளருக்கும் உரியது. அவர்கள் கையில் இருக்க வேண்டியவை கோடிக்கணக்கில் விலைபெறும் வெளிநாட்டு வண்டிகள் அல்ல. விசைத்தெளிப்பான்களைப் பழுதுபார்க்கும் நம் ஊர்ப் பட்டறைகளிலேயே சீர்செய்யக்கூடிய பம்ப், எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவில் பொருந்தும் கப்ளிங், ஒன்று கெட்டால் அண்டை மாவட்டத்திலிருந்து கொண்டுவந்து மாட்டக்கூடிய அலகு, இவையே போதும். அபாயம் நேராத நாட்களில் அதே பம்பும் தொட்டியும் கோடையில் குடிநீர் கொண்டுசெல்லவும், மழையில் தேங்கிய நீரை இறைக்கவும் உதவட்டும். மருந்து பட்ட அலகுகள் மட்டும் தனிநிறம் பூசித் தனியே இருக்கட்டும். அடிக்கடி இயங்கும் யந்திரமே ஆபத்தில் இயங்கும். கொட்டகையில் பூட்டி வைத்ததன் ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்து, வேண்டிய நாளில் ஒழுகும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இத்தகைய யந்திரங்களுக்கு டெண்டர் கோரும் பத்திரங்கள் பெரும்பாலும் தொட்டியின் கொள்ளளவையும் என்ஜினின் குதிரைத் திறனையும் தாரை எட்டும் தூரத்தையும் கேட்கின்றன. அவை கேட்கத் தக்கவையே. ஆனால் அவற்றோடு இன்னும் மூன்று கேள்விகள் சேர வேண்டும். முழுப் பாதுகாப்பு உடையணிந்த இருவர், மே மாத நடுப்பகலில், கருவி ஏதுமின்றி இந்த யந்திரத்தை எவ்வளவு நேரத்தில் இணைக்கவும் பிரிக்கவும் முடிகிறது? தெளித்த நீரில் எவ்வளவு பங்கு திரும்பத் தொட்டிக்கு வருகிறது? வேலை முடிந்தபின் இந்த யந்திரத்தையே கழுவ எவ்வளவு நீர் வேண்டும், கழுவ முடியாத உறுப்பு எது? விடை எழுத்தில் வரட்டும். பின்னர், அந்த யந்திரத்தை நாளை இயக்கப்போகும் தூய்மைப் பணியாளரும் தீயணைப்பு வீரரும் முன்னிற்க, நிறமிட்ட வெறும் நீரைக்கொண்டு பகிரங்கமாகச் சோதித்துப் பார்க்கட்டும். நிறம் எங்கெல்லாம் சிதறியது, யார் உடையில் படிந்தது, எந்தச் சாக்கடையில் கலந்தது என்பதை எவரும் மறைக்க இயலாது. வேலை செய்பவர் வேண்டாம் என்று கைகாட்டிய யந்திரம் எவ்வளவு மலிவாயினும் திரும்பிப் போகட்டும்.

இம்மூன்று கேள்விகளுக்கும் பதில் தராத தெளிப்பு யந்திரம் எதையும் பொதுப் பணத்தில் வாங்கலாகாது என்று ஒரு விதி பிறக்க வேண்டும். அவ்விதியை எழுதப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. தெளிப்பவரின் உயிரும் ஊராரின் கிணறும், கழுவப்படும் சுவரைவிட விலை உயர்ந்தவை என்ற நிச்சயம் மட்டும் ஆட்சியாளர் மனத்தில் இருந்தால் போதும்.